சும்மா இருக்க ஒரு கடற்கரை: இத்தாலி பற்றி வாசகர் கேள்விகள்

இத்தாலியின் கடலோரச் சிற்றூர்களில் விடுமுறையைக் கழிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

ஜூன் மாதம் பத்து நாள் விடுப்பு. கமோலி, போர்த்தோஃபினோ, சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்கள், அப்புறம் தெற்கே இறங்கி பொஸித்தானோ, காப்ரி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓய்வும் எடுக்க முடியுமா?

பார்க்க முடியும். ஓய்வெடுக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான தங்குமிடங்களில் காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். இடையில் உள்ள ஐந்து மணி நேரமும் பெட்டியோடுதான். ஆக, ஒவ்வொரு ஊர் மாற்றமும் ஒரு பகலைத் தின்றுவிடும். பட்டியலில் நான்கு மாற்றம் இருந்தால் பத்தில் நான்கு நாள் போயிற்று. வடக்கே லா ஸ்பெட்ஸியாவிலிருந்து தெற்கே சலேர்னோ வரைக்குமான ரயில் பயணம் தனியாக ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும்.

வடக்கா, தெற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வடக்கு என்றால் லிகூரியா கரை. கமோலி அல்லது செஸ்த்ரி லெவாந்தேயில் ஐந்து இரவு, லேவந்தோவில் ஐந்து இரவு. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மணி நேரம் போதும். போர்த்தோஃபினோவுக்குக் கோடைகாலத்தில் படகில் போய் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினால் போதும். துறைமுகத்தில் படம் எடுக்கும் கூட்டம் நகராமல் நின்று வழியை அடைக்கிறது என்று 2023ல் அங்கே சில இடங்களில் நிற்பதற்கே அபராதம் கொண்டுவந்தார்கள். ஓய்வுக்கு ஏற்ற ஊர் அது இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கமோலியில் தங்கினால் ஒரு நாளைச் சான் ஃப்ருத்துவோஸோவுக்கு ஒதுக்குங்கள். மலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பழைய மடாலயம் அது. சாலை கிடையாது, படகில் வர வேண்டும், இல்லையென்றால் மலைப்பாதையில் நடக்க வேண்டும். கமோலியிலிருந்து படகில் சுமார் அரை மணி நேரம். அந்த விரிகுடாவில் கடலுக்கடியில், ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், 1954ல் இறக்கிவைத்த கிறிஸ்து சிலை ஒன்று கைகளை மேலே விரித்தபடி நிற்கிறது. போனவுடன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் மலையேறித்தான் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் எங்கும் போகாதீர்கள். பத்து நாள் திட்டத்தில் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

சிங்க்வே தெர்ரேயில் எந்த ஊரில் தங்குவது? எல்லாப் படங்களும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன.

படத்தில் ஒரே மாதிரிதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

மேற்கிலிருந்து கிழக்காக மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. இவற்றில் நீளமான மணல் கரை உள்ள ஒரே ஊர் மொந்தெரோஸ்ஸோ. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல், ஃபெஜீனா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். நடை சமதளம், விடுதிகள் அதிகம், விலையும் அதிகம். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்பவர்களுக்கு ஐந்தில் இதுதான்.

வெர்னாட்ஸா துறைமுகச் சதுக்கம் ஐந்து ஊர்களிலும் அழகு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அறைகள் பெரும்பாலும் பழைய கோபுர வீடுகளின் மூன்றாம், நான்காம் மாடியில் இருக்கும். லிஃப்ட் அரிது. மனரோலாவிலும் ரியோமஜ்ஜோரேயிலும் கடற்கரை என்று சொல்ல மணல் இல்லை. பாறையிலிருந்து இறங்கி நீந்துவார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்குச் சரி, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வேண்டாம்.

கோர்னிலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையமோ கீழே கடலோரத்தில். இரண்டையும் இணைக்கும் லார்தரீனா படிக்கட்டில் ஏறக்குறைய 380 படிகள். சிறிய பேருந்து உண்டு, ஆனால் ரயில் வந்து நின்றதும் எல்லோரும் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். அந்தச் சிரமத்தால்தான் கோர்னிலியாவில் கூட்டம் குறைவு. தோளில் ஒரு பையோடு போகிறவருக்கு ஐந்தில் அமைதியானது அதுவே.

ஐந்துக்கும் வெளியே, மேற்கு விளிம்பில் இருக்கும் லேவந்தோவில் தங்குவது நல்லது. மொந்தெரோஸ்ஸோவுக்கு ரயிலில் ஐந்து நிமிடம். மணல் கரை உண்டு, ஊர் சமதளம், புதன்கிழமை சந்தை, உள்ளூர்க்காரர்கள் சாமான் வாங்கும் கடைகள். பகலில் கூட்டமெல்லாம் அந்த ஐந்து ஊர்களில் இருக்கும். நீங்கள் லேவந்தோவில் ஆற அமர இருந்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மேல் வெர்னாட்ஸாவுக்குப் போய் இரவு உணவு முடித்துத் திரும்பலாம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்தச் சந்துகளில் நெரிசல் அதிகம், அதைத் தவிர்த்தாலே பாதி நிம்மதி.

லேவந்தோவிலிருந்து பொனஸ்ஸோலா வழியாக ஃப்ராமூரா வரை, கைவிடப்பட்ட பழைய ரயில் சுரங்கங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர், ஏற்றமே இல்லை. சுரங்கத்துக்குள் விளக்கு உண்டு, நடு வேனிலிலும் குளிர்ந்த காற்று வரும். இரண்டு சுரங்கங்களுக்கு இடையில் வெளிச்சத்துக்கு வரும் இடங்களில் கீழே சின்னச் சின்னக் குளியல் துறைகள். வாடகைச் சைக்கிள் லேவந்தோவிலேயே கிடைக்கும்.

சிங்க்வே தெர்ரே அட்டை வாங்கினால் லாபமா?

ஒரே நாளில் நான்கு தடவை ரயில் ஏறுவீர்கள் என்றால் லாபம், குறைந்தால் இல்லை. லேவந்தோவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் இடையே ஓடும் ரயிலில் ஒரு தடவைக் கட்டணமும் நாள் அட்டையின் விலையும் பருவத்தையும் கிழமையையும் பொறுத்து ஏறி இறங்கும்; வார இறுதியில் இரண்டும் அதிகம். அட்டையில் கட்டண நடைபாதையும் ஊருக்குள் ஓடும் சிற்றுந்தும் ரயில் நிலையக் கழிப்பறையும் அடங்கும். படகு அடங்காது. அந்தப் படகும் கோர்னிலியாவில் நிற்பதில்லை, அங்கே துறையே கிடையாது. அலை எழும்பினால் நிறுத்திவிடுவார்கள். மற்ற ஊர்களில் படகின் முன்பக்கத்திலிருந்து பாறைத் துறைக்குக் குறுகலான பலகை போட்டு இறக்குவதால் சிறிய அலைக்கே ஆட்டம் காணும்.

அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலி. படி ஏற முடியாது. இத்தாலியக் கடலோர ஊர் என்றாலே படிதான் என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். ஊரை மாற்றிக்கொண்டால் போதும். பொஸித்தானோவையும் மனரோலாவையும் மறந்துவிடுங்கள்.

லிகூரியாவில் செஸ்த்ரி லெவாந்தே. ரயில் நிலையத்திலிருந்து கடல் வரை தட்டையான பாதை, பத்து நிமிட நடை. நிலத்தின் குறுகலான கழுத்தில் பழைய ஊர் அமைந்திருப்பதால் ஒரு பக்கம் ஃபாவொலே விரிகுடா, இன்னொரு பக்கம் சிலென்ஸியோ விரிகுடா. ஒன்றிலிருந்து மற்றதற்கு சில நிமிடங்களில் போய்விடலாம். இன்டர்சிட்டி ரயில்களும் இங்கே நிற்பதால் இடையில் வண்டி மாறும் தொல்லையும் குறையும்.

தெற்கே பொஸித்தானோ இருக்கும் அமால்ஃபி கரைதான் வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் மயோரி. 1954 அக்டோபர் வெள்ளத்தில் ஊரின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டு, பிறகு புதிதாகக் கட்டினார்கள். அதனால் அஞ்சலட்டை அழகு இல்லை. ஆனால் அந்தக் கரையிலேயே நீளமான கடற்கரை அங்கேதான், சுமார் ஒரு கிலோமீட்டர். கடலோர நடைபாதை முழுக்கச் சமதளம், உட்கார நிழலும் உண்டு. கோடையில் அமால்ஃபிக்குப் படகும் ஓடும்.

தென்கிழக்கே புல்யா மாநிலத்தில் மொனோபோலி, பாரி நகரிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள், பழைய நகரம் தட்டை, மதிலை ஒட்டியே சின்ன மணல் துறை. சிசிலியில் செஃபலூ, பலெர்மோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், மணல் மெதுவாகச் சரிவதால் இடுப்பளவு நீரில் தூரம் வரை நிற்கலாம்.

ஊர் தட்டையாக இருந்தாலும் வீடு தட்டையாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விளம்பரத்தில் "கடற்கரையிலிருந்து 100 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள். அந்த நூறு மீட்டரும் செங்குத்தாக இருக்கலாம். முன்பதிவு செய்யும் முன் வீட்டுக்காரருக்கு இதை எழுதிக் கேளுங்கள்: "குவாந்தி ஸ்கலீனி சி சோனோ தல்லா ஸ்த்ராதா அல்லா போர்த்தா?" தெருவிலிருந்து கதவு வரை எத்தனை படி என்று கேட்கிறீர்கள். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் திரும்பவும் எண்ணிக்கை கேளுங்கள். எண்ணிக்கை தராதவரிடம் அறை எடுக்காதீர்கள். லிஃப்ட் உண்டா என்பதற்கு "சே லஷென்ஸோரே?" அங்கே முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேலே உள்ளதுதான், "பியானோ தெர்ரா" என்று இருந்தால்தான் தரைத்தளம்.

குளியலறையையும் படத்தில் பாருங்கள். பழைய வீடுகளில் ஷவர் இருக்கும் இடம் ஒரு சாண் உயரத்தில், 70 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வெளியில் உள்ள முப்பது படியை விட இதுதான் தொல்லை.

கடற்கரைக்குள் போகவே காசு கேட்கிறார்களாமே?

கடற்கரை அரசுச் சொத்து. அதன் பகுதிகளை உரிமம் பெற்றவர்கள் குடை, சாய்வுப் படுக்கை, உடை மாற்றும் அறை, ஷவர் எல்லாம் போட்டு நடத்துகிறார்கள். அதற்கு "பான்யோ" அல்லது "லீதோ" என்று பெயர்ப்பலகை இருக்கும். காசு அந்த வசதிகளுக்கு. "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்று எழுதியிருந்தால் இலவசக் கரை. உங்கள் துண்டை விரித்துக்கொள்ளலாம். அங்கே ஷவரும் நிழலும் பெரும்பாலும் இருக்காது.

லீதோக்களுக்கு முன்னாலும் அலை தொடும் இடத்திலிருந்து 5 மீட்டர் அகலப் பட்டை யாரும் நடந்து போவதற்கானது. அங்கே நீங்கள் நடக்கலாம், கடலில் இறங்கலாம். துண்டு விரித்துப் படுக்க முடியாது, ஏனென்றால் உயிர்காப்பாளர் ஓடும் வழி அது. இதைத் தெரியாமல் சண்டை போடுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

ஒரு குடையும் இரண்டு படுக்கையும் சேர்த்து நாளொன்றுக்கு சாதாரண ஊரில் 25 முதல் 50 யூரோ. முதல் வரிசை விலை கூடுதல். கடைசி வரிசையை வாங்குங்கள்: கடல் இருபதடி தள்ளிப்போகும், அவ்வளவுதான், மதியம் உணவுக்கூடம் பக்கத்தில் இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் வார விலை கேளுங்கள். பிற்பகலுக்கு மட்டும் பாதி விலை தருகிற இடங்களும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காமல் போனால் இடம் கிடைக்காது. வரிசை வரிசையாகக் குடைகளை ஒரு பருவம் முழுக்கவும் எடுத்துவிடுகிற இத்தாலியக் குடும்பங்கள் ஏராளம்.

லிகூரியாவில் கூழாங்கல் கரைகள் அதிகம். அடிப்பாகம் தடித்த ரப்பர் செருப்பு இல்லாமல் கடலில் இறங்கவும் ஏறவும் கால் கூசும். "ஸ்கார்பே தா ஸ்கோலியோ" என்று எந்தக் கடற்கரைக் கடையிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் மூன்று வாரம், அல்லது செப்டம்பர். மே மாதத்தில் வெயில் இருக்கும், ஆனால் வடக்கில் கடல் நீர் 17, 18 டிகிரிதான்; காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள். ஜூனில் 21 டிகிரி அளவுக்கு ஏறும். ஆகஸ்டில் சேர்த்து வைத்த சூடு செப்டம்பரிலும் நீரில் இருக்கும், 23 டிகிரி போல, கூட்டம் மட்டும் கலைந்திருக்கும்.

ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதற்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் நாடே கடற்கரையில் இருக்கும். விலை இரண்டு மடங்கு, ரயிலில் நிற்க இடமில்லை. வேறு வழியே இல்லை என்றால் மட்டும் போங்கள்.

அக்டோபர் மலிவு, ஆனால் லிகூரியாவில் பெரும் மழை வரும் காலம். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேர மழையில் வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றுக்குள் புதைந்தன. மலை நேரே கடலில் இறங்குவதால் தண்ணீர் போக வேறு வழியில்லை, தெருவே ஆறாகிவிடும். அந்த மாதத்தில் போனால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறத்தில் வரும் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். ஆரஞ்சு வந்தால் மலை நடைபாதைப் பக்கம் போக வேண்டாம். சிவப்பு என்றால் அறையை விட்டு இறங்காதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. கடலோரத்தில் மீனைத் தவிர என்ன இருக்கும்?

நிறைய இருக்கிறது. ஆனால் சைவம் போலத் தெரிவதெல்லாம் சைவமில்லை. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

லிகூரியா உங்களுக்கு நல்ல இடம். ஃபரினாத்தா என்று ஒன்று. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கே பொருள். கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கை அகலத்துக்கு மேலான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் வைப்பார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய் போல. மிளகுத்தூள் தூவிச் சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் தோல்தான். பல கடைகளில் மாலையில்தான் அடுப்பு மூட்டுவார்கள். மதியம் கேட்டால் முன்பே செய்து ஆறியதைச் சூடு காட்டித் தருவார்கள், வேண்டாம் என்று வந்துவிடுங்கள். சாதாரண ஃபோகாச்சா ரொட்டியிலும் ஆலிவ் எண்ணெய்தான். ரெக்கோ ஊரின் பெயர்பெற்ற ஃபோகாச்சா, ஈஸ்ட் போடாமல் இரண்டு மெல்லிய ஏடுகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவது.

பாஸ்தாவில் கடையில் காய்ந்து விற்பது ரவையும் தண்ணீரும். புதிதாகப் பிசைந்தது என்று பெருமையாக எழுதியிருந்தால் பெரும்பாலும் முட்டை இருக்கும். லிகூரியாவின் த்ரோஃபியே இதற்கு விலக்கு, அது மாவும் தண்ணீரும்தான். புல்யாவின் ஒரெக்கியெத்தேயும் அப்படியே.

பேசில் இலையை அரைத்துப் பாஸ்தாவில் கலக்கும் பெஸ்தோவில் பர்மிஜானோ, பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகள் சேரும். பர்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளை விட்டுத்தான் திரிக்க வேண்டும் என்பது அதன் விதிமுறை. அதை ஒதுக்குகிறவர்கள் "சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ" என்று சொல்ல வேண்டும். பெஸ்தோவை முன்பே அரைத்து வைத்திருப்பார்கள் என்பதால் உணவகத்தில் அது நடக்காது, தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா கேளுங்கள்.

மீன் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. புல்யாவில் முள்ளங்கிக் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த சீமே தி ரபா போட்ட ஒரெக்கியெத்தே பார்க்க வெறும் கீரை; எண்ணெயில் நெத்திலியைக் கரைத்திருப்பார்கள். அமால்ஃபி கரையில் சேத்தாரா ஊரின் நெத்திலிச் சாறான கொலத்தூரா, காய்கறி மேல்கூடச் சொட்டுவிடும். காய்கறிச் சூப்பு என்றால் அடியில் இறைச்சி வேகவைத்த நீரா என்று கேளுங்கள், "ப்ரோதோ தி கார்னே?" என்றால் போதும். இனிப்பில், பாலேட்டில் செய்யும் பன்னகோத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பனித்துருவல் போன்ற எலுமிச்சை க்ரனீத்தாவில் பால்கூட இல்லை.

சிசிலியில் பனெல்லே கடலை மாவு வறுவல். மீன் பொரித்த அதே எண்ணெய்ச் சட்டியா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். புல்யாவில் ஃபாவே எ சிகோரியா: காய்ந்த அவரைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையும் பச்சை ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது. வயிறு நிறையும்.

"வெஜெத்தரியானோ" என்று மட்டும் சொன்னால் முட்டையும் சில சமயம் மீனும் வந்துவிடும். பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: "நோன் மாஞ்ஜோ கார்னே, பேஷே, உவோவா." சமையலறை உள்ள வீடு எடுத்தால் பாதிக் கவலை தீரும்; சந்தையில் தக்காளியும் சுரைப்பூவும் கத்தரியும் கிடைக்கும்.

மதியம் மூன்றரை மணிக்கு ஒரு உணவகமும் திறந்திருக்கவில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. மதிய அடுப்பு 12.30க்குத் தொடங்கி 2.30க்கு அணைந்துவிடும், இரவு 7.30க்கு மேல்தான் மறுபடி எரியும். நடுவில் பேக்கரி ரொட்டியும், பார் என்று அங்கே சொல்லும் காப்பிக் கடையில் கிடைக்கும் சான்ட்விச்சும்தான். கடைகளும் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மூடியிருக்கும். அந்த நேரத்தில் ஊரே தூங்குகிறது, நீங்களும் தூங்குங்கள்.

டிக்கெட் வைத்திருந்தும் ரயிலில் அபராதம் போட்டார்களாம் என் தோழிக்கு. எப்படி?

வட்டார ரயில்களில் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. இன்னொரு நாள் மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் பரிசோதகர் விடமாட்டார். இயந்திரம் பழுதானால் டிக்கெட்டின் மேல் பேனாவால் தேதி, நேரம், ஊர் எழுதிக்கொண்டு, ஏறியதும் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்.

கைபேசியில் வாங்கிய வட்டார டிக்கெட்டுக்கு ஏறும் முன் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். இதுதான் இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். சுரங்கங்களில் சிக்னல் போய்விடும், நடைமேடையிலேயே முடித்துவிடுங்கள். இன்டர்சிட்டி, அதிவேக ரயில்களுக்கு இது எதுவும் தேவையில்லை. அதில் இருக்கை எண்ணும் வண்டியும் குறிக்கப்பட்டிருக்கும்.

வெர்னாட்ஸா, ரியோமஜ்ஜோரே போன்ற நிலையங்களில் நடைமேடையின் ஒரு பகுதி மலைச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. ரயில் நின்றதும் வெளியே இருட்டு தெரியும், ஊர் இன்னும் வரவில்லை என்று உட்கார்ந்துவிடுவார்கள், ரயில் கிளம்பிவிடும். ஊர்ப் பெயரை அறிவித்ததும் எழுந்து கதவருகே நில்லுங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்துங்கள்.

வேலைநிறுத்தம் அங்கே சாதாரணம், முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். ஞாயிறன்று அந்த உத்தரவாதம் இல்லை. விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவே நகரத்துக்கு வந்துவிடுங்கள்.

அமால்ஃபி கரையில் வாடகைக் கார் எடுக்கலாமா?

வேண்டாம். அந்தக் கரையோரம் ஓடும் எஸ்.எஸ். 163 சாலையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், எதிரே பேருந்து. நெரிசல் நாட்களில் வெளியூர் வண்டிகளுக்கு ஒற்றை, இரட்டை எண் கட்டுப்பாடு உண்டு. வண்டி நிறுத்தும் இடம் அறை வாடகையில் ஒரு பகுதியை விழுங்கும். ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும். அதற்குக் கார் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் வேறு.

ரோமிலிருந்தோ நாப்போலி எனும் நேப்பிள்ஸிலிருந்தோ சலேர்னோவுக்கு ரயில், அங்கிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகு. அமால்ஃபிக்குச் சுமார் 35 நிமிடம். பேருந்தும் உண்டு, டிக்கெட்டை முன்பே புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். நிரம்பிய பேருந்து இடை நிறுத்தங்களில் நிற்காமல் போகும் என்பதால் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

அமால்ஃபியில் தங்குவதைவிட அதன் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் அத்ரானியில் தங்கலாம். வெறும் 0.12 சதுர கிலோமீட்டர், பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி. நடைச் சுரங்கம் வழியாகப் பத்து நிமிடத்தில் அமால்ஃபி. மாலையில் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

ஜெல்லிமீன் கொட்டினால்?

நீரை விட்டு வெளியே வாருங்கள். கடல் நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டு உயிரணுக்கள் வெடித்து விஷம் இன்னும் இறங்கும். மணலைத் தேய்ப்பதும் அதே தவறு. ஒட்டியிருக்கும் இழைகளை வங்கி அட்டையின் விளிம்பால் வழித்தெடுங்கள். மத்தியதரைக் கடலில் அதிகம் காணப்படும் ஊதாநிற இனத்துக்கு வினிகரும் உதவாது. அலுமினியம் குளோரைடு ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். "மெதூசா" என்று சொல்லி இடத்தைக் காட்டினால் போதும். தழும்பு கறுக்காமலிருக்க அந்த இடத்தில் சில நாள் வெயில் படவிடாதீர்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் எண் 1530.

பாறை ஓரத்தில் கறுப்பு முள்பந்து போலத் தெரிபவை கடல் முள்ளெலிகள். காலில் முள் ஏறினால் அழுத்தாதீர்கள், உடைந்து உள்ளே தங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இடுக்கியால் நேராக இழுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்காதீர்கள், கரையோரம் அமைதியாகத் தெரிந்தாலும்.

பில்லில் நாங்கள் கேட்காத ஒரு தொகை இருக்குமாம். ஏமாற்றா?

"கொபெர்த்தோ" என்று இருந்தால் இல்லை. தலைக்கு 2, 3 யூரோ, ரொட்டியும் மேசை விரிப்பும் சேர்த்து. உணவுப் பட்டியலில் அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, சதுக்கத்து மேசையில் உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மடங்கு.

தங்குமிடத்தில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள். இணையத்தில் கட்டிய தொகையில் அது பெரும்பாலும் இருக்காது. ரொக்கமாக வைத்துக்கொண்டு ரசீது வாங்குங்கள். வீடு வாடகைக்கு எடுக்கிறவர்கள் விளம்பரத்தில் சி.ஐ.என். எனும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

நடைபாதையில் போக ஷூ கட்டாயமா?

சிங்க்வே தெர்ரே மலைப்பாதைகளில் ரப்பர் செருப்போடு போனால் அபராதம் உண்டு, 50 யூரோவில் தொடங்குகிறது. அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போதும். ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலான "காதல் பாதை" 2012ல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024ல்தான் திறந்தது. நேரம் குறித்த தனி டிக்கெட் வேண்டும். படியில்லாத பாதை என்பதால் பெரியவர்களும் நடக்கலாம்.

கூழாங்கல், கிளிஞ்சல் எடுத்து வரலாமா? கடற்கரையில் விற்கும் கைப்பைகள்?

இரண்டும் வேண்டாம். சார்தீனியாவில் மணல், கல், கிளிஞ்சல் எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் என்று 2017ல் சட்டம் வந்தது. விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பிடிக்கிறார்கள். மற்ற கரைகளிலும் எடுக்க அனுமதி இல்லை. போலிப் பிராண்ட் கைப்பையை வாங்குகிறவருக்கும் 300 முதல் 7,000 யூரோ வரை அபராதம். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடப்பதற்கும் சில இடங்களில் தண்டம் உண்டு. சொர்ரெந்தோவில் 2022ல் இருந்து 25 முதல் 500 யூரோ. பையில் ஒரு சட்டை வைத்திருங்கள்.